போதை ஊசி போடும் தம்பியை எச்.ஐ.வி டெஸ்டுக்கு எப்படி அழைத்துப் போவது?

கேள்வி: என் தம்பி இரண்டு வருடமாகப் போதை ஊசி போடுகிறான். நண்பர்களும் அவனும் ஒரே சிரிஞ்சில் போட்டுக்கொண்டதாக ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டான். எச்.ஐ.வி டெஸ்ட் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். "சர்க்கரை டெஸ்ட் என்று சொல்லி ரத்தம் எடுத்து, அதிலேயே பார்த்துவிடலாம்" என்கிறார் ஒரு மறுவாழ்வு மையத்து ஏஜென்ட். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பாசிட்டிவ் என்று வந்தால் அப்புறம் என்ன செய்வீர்கள்? மாத்திரையை ஆயுள் முழுக்கத் தினமும் விழுங்க வேண்டியவன் அவன். ஏமாற்றி ரத்தம் எடுத்தவர்கள் நீட்டும் மாத்திரையை அவன் தொடுவானா? எச்.ஐ.வி பரிசோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் ஐந்து அடிப்படை விதிகளில் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலும் ஒன்று.

அந்த ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். ரிசல்ட் முதலில் அவர் கைக்குத்தான் போகும். பாசிட்டிவ் என்றால் "வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும், ஆறு மாதம் எங்களிடமே இருக்கட்டும்" என்று பணம் கேட்பார். நெகட்டிவ் என்றால் "டெஸ்டே சரியில்லை, இன்னொரு பேக்கேஜ் எடுங்கள்" என்பார். இன்னும் சிலர் எச்.ஐ.வியை அடியோடு குணப்படுத்தும் லேகியம் வரை விற்பார்கள். அப்படி ஒரு லேகியம் எங்கும் கிடையாது. வைரஸை அடக்கி வைக்கும் ஏஆர்டி மாத்திரைகள் இருக்கின்றன. சீக்கிரம் தொடங்கி ஒழுங்காகச் சாப்பிட்டால் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழலாம். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவாது. ஆனால் அப்போதும் ஊசியைப் பகிரக் கூடாது.

சரி, தம்பி ஏன் எழுந்து போகிறான்? எச்.ஐ.வி பயம் ஒரு காரணம். போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்று, ரத்தக்குழாய். அடிக்கடி குத்திக் குத்தி நரம்பெல்லாம் தழும்பேறிக் கிடக்கும். லேபில் நாலு இடத்தில் குத்தியும் ரத்தம் வராது. பக்கத்தில் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ரத்தம் எடுப்பவர் முகத்தைச் சுளிப்பார். இந்த அவமானத்தை ஒருமுறை பட்டவன் மறுபடி அங்கே போக மாட்டான். விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அரை மணி நேரத்துக்குள் ரிசல்ட் சொல்லும் டெஸ்ட் இருக்கிறது. வாய் ஈறில் தடவிப் பார்க்கும் சுயபரிசோதனை கிட்டும் உண்டு. இது அவனுக்குத் தெரியாமலே இருக்கலாம், சொல்லிப் பாருங்கள். கிட்டில் பாசிட்டிவ் காட்டினால் அது முடிவல்ல, எச்.ஐ.வி பரிசோதனை மையத்தில் உறுதி செய்ய வேண்டும்.

இன்னொரு தடை நம் ஆட்களே போடுவது. "முதலில் போதையை நிறுத்திவிட்டு வா, அப்புறம் டெஸ்ட்" என்பார்கள். எந்த மருத்துவப் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறதோ தெரியவில்லை! உடம்பில் போதை இருப்பதால் ரிசல்ட் மாறாது. பாசிட்டிவ் என்றால், போதையை விடாதவருக்கும் மருந்து தொடங்கலாம். காலையிலிருந்து வரிசையில் நிற்க வைத்தால் நடுக்கம் எடுத்து ஓடிவிடுவான் என்பதும் இவர்களுக்குப் புரிவதில்லை. கூட்டம் இல்லாத நேரத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். போதை தலைக்கேறிய நேரத்திலும், கிடைக்காமல் தவிக்கும் நேரத்திலும் பேச்சை எடுக்காதீர்கள். முன்பு ஊசி போட்டு இப்போது அதே மக்களுக்காக வேலை செய்பவர் யாராவது மையத்தில் இருந்தால் அவரைப் பேச விடுங்கள். நீங்கள் பத்து முறை சொல்வதைவிட அவர் ஒருமுறை சொன்னால் எடுபடும்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. கடைசியாக ஊசியைப் பகிர்ந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தொற்றைத் தடுக்கும் மருந்து கொடுப்பார்கள், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 72 மணி நேரம் என்பது கடைசிக் கெடு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். நேரத்தை உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், ஊசி ஏறிய நேரத்திலிருந்து எண்ணுங்கள். "திங்கட்கிழமை வாங்க" என்று முன்மேசையில் சொன்னால் திரும்பி வராமல், பணியில் இருக்கும் மருத்துவரைக் கேளுங்கள். கெடு தாண்டிவிட்டால் இந்த மருந்தால் பயனில்லை, நேராக டெஸ்ட்தான்.

டெஸ்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தொற்று வந்த உடனே தெரியாது. ரத்தக்குழாயிலிருந்து எடுக்கும் நவீன லேப் டெஸ்டில் தொற்று தெரிய 45 நாள் வரை ஆகலாம், விரல்நுனி டெஸ்டிலும் வாய் ஈறு கிட்டிலும் தெரிய 90 நாள் வரை. இன்று நெகட்டிவ் என்றாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

எச்.ஐ.வி என்ற பேச்சுக்கே மறுத்தால், கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் சி டெஸ்டிலிருந்து ஆரம்பியுங்கள். அதே ஊசி வழியாகத்தான் அதுவும் பரவுகிறது. 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும். "கல்லீரலைப் பார்த்துவிட்டு வரலாம்" என்று உண்மையையே சொல்லிக் கூப்பிடலாம். அங்கே போன பிறகு, எச்.ஐ.வியும் பார்க்கலாமா என்று மையத்துக்காரர்களே அவனிடம் நேரடியாகக் கேட்பார்கள். சரி என்பதும் வேண்டாம் என்பதும் அவன் இஷ்டம்.