பத்தனையில் கிரவல் வெட்டுவதென்றால்

கேள்வி: பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் நடுவில் எங்களுக்கு மூன்று ஏக்கர் பத்தனை, அதாவது மலைப் புல்வெளி, இருக்கிறது. மானாப் புல்லும் அங்கங்கே நெல்லி மரமும்தான். வீதி வேலைக்குக் கிரவல் வேண்டுமென்று கொந்தராத்துக்காரர் கேட்கிறார். காசுத் தேவையால் அண்ணன்மார் சம்மதித்துவிட்டார்கள். அங்கே முயல் உண்டு. கவுதாரி கூப்பிடுவது காலையில் வீடு வரைக்கும் கேட்கும். வெட்டுவதை நிறுத்த முடியாது, சேதத்தையாவது குறைக்கலாமா?

பதில்: குறைக்கலாம். ஆனால் மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் இறங்குவதற்கு முந்தின நாள் வரைக்கும்தான் உங்கள் பேச்சு எடுபடும். அதனால் கீழே சொல்வதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் காணியைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். வீதியோரம், லொறித் தடம், டர்ப்பன்டைன் மரம் நிற்கிற மூலை என்று ஏற்கெனவே கெட்டுப்போன இடம் எங்காவது இருக்கும். அங்கே ஒரு ஏக்கரை மட்டும் கொடுங்கள். நடுவில் குழி விழுந்தால் மிச்சப் புல்லும் துண்டுதுண்டாகிவிடும், மூன்று ஏக்கர் இருந்தும் முயலுக்கு ஒளிய இடமிருக்காது. நீர் கசிகிற பள்ளத்தையும் நெல்லி மரங்களையும் தொட வேண்டாம். நீங்கள் கேட்பது அநேகமாக வர்ணக் கவுதாரியின் குரலாக இருக்கும். இலங்கையில் ஊவாப் பக்கத்து உலர் பத்தனைகள்தான் அதற்கு வீடு. சேவல் மரத்தில் ஏறி நின்றுதான் கூப்பிடும். மரம் போனால் அந்தக் குரலும் போய்விடும்.

அடுத்தது காலம். பத்தனைப் பறவைகளில் பல தரையில்தான் முட்டையிடும். வருடத்தின் முற்பகுதி குஞ்சு பொரிக்கிற காலம், அப்போது புல்லை உரிக்க விடாதீர்கள். ஜூலையில் தொடங்கி செப்டம்பரில் முடித்துவிட்டால், ஒக்டோபர் மழை வரும்போது புல் நட ஆயத்தமாக இருக்கலாம். கச்சான் காற்றில் தூசி பறக்கும், அதற்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். ‘துப்புரவு’ என்று நெருப்பு வைப்பதற்கு மட்டும் ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். உரிக்கிற அன்று காலை நாலு பேர் வரிசையாகப் புல்லுக்குள் நடந்து பார்க்கட்டும். கூடு தென்பட்டால் குஞ்சு பறக்கும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். வெட்டும்போது வீதிப் பக்கத்திலிருந்து உள்நோக்கி மெதுவாக வெட்ட வேண்டும், அப்போதுதான் முயல் மிச்சப் புல்லுக்குள் ஓடித் தப்பும்.

இனி மேல்மண். பத்தனை திரும்ப வருமா வராதா என்பது இதில்தான் இருக்கிறது. உலர் பத்தனையில் வேரும் விதையும் உயிரோடு இருப்பது மேலே ஒரு சாண் மண்ணில்தான். அதற்குக் கீழே வெறும் கிரவல். பெக்கோக்காரர் இரண்டையும் ஒன்றாக அள்ளி ஓரத்தில் தள்ளிவிடுவார், அவருக்கு அது குப்பை. ஒரு ஏக்கரை மூன்று பட்டிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாக வெட்டச் சொல்லுங்கள். முதல் பட்டியின் மேல்மண்ணைத் தனியாக, நாலடிக்கு மேல் உயராமல், டிப்பர் ஏறாத இடத்தில் குவிக்க வேண்டும். உயரக் குவித்தால் உள்ளே இருக்கிற விதை அவிந்துபோகும். இரண்டாம் பட்டியின் மண்ணை வெட்டி முடித்த முதல் பட்டியில் நேராகப் பரப்பலாம், மூன்றாவதை இரண்டாவதில். குவித்து வைத்த மண் கடைசிப் பட்டிக்கு. மானாவைக் குத்துக் குத்தாக மண்ணோடு பெயர்த்து நிழலில் வைத்திருந்து, முதல் மழைக்குத் தூர் பிரித்து நடுங்கள். தேயிலைக் கன்று வைக்கும் முன் மானா போட்டு மண்ணை ஆற்றுகிற வேலை தோட்டத்தில் பலருக்கும் கைவந்தது. நடுவதற்கு அவர்களையே கூப்பிடுங்கள்.

யாராவது பைன் கன்றோடு வந்து ‘பசுமையாக்குகிறோம்’ என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பத்தனை மரமில்லாத தரிசு அல்ல, அது புல்லுக்கான இடம். ஊவாவில் பைன் நட்ட மேடுகளில் ஏறிப் பார்த்தால் தெரியும், ஊசியிலை மெத்தைக்குக் கீழே புல்லையே தேட வேண்டியிருக்கும்.

சரிவை நேர்குத்தாக வெட்ட விடாதீர்கள், படிபடியாகத்தான் இறங்க வேண்டும். மேலே ஒரு கான் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுங்கள். குழியிலிருந்து வரும் தண்ணீர் ஒரு வண்டல் குழியில் தங்கித் தெளிந்த பிறகே ஓடையில் விழ வேண்டும். பதுளை மாவட்டத்தில் இருந்துகொண்டு மண்சரிவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவு கிரவல் வெட்டியதால் வந்ததல்ல, ஆனாலும் நனைந்த மலை என்ன செய்யும் என்பதை நாமெல்லாரும் பார்த்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைக் கேட்காமல் சரிவின் அடிவாரத்தில் கைவைக்க வேண்டாம்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கிரவல் எடுக்க முடியாது. அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, நிபந்தனைகளைப் படித்து வையுங்கள்.

அப்புறம், காவலுக்குக் கொட்டில் போட்டால் அதை வீதியோரத்தில் போடச் சொல்லுங்கள். கொட்டிலோடு நாயும் கம்பிக் கண்ணியும் வரும். முயலுக்கு டிப்பரை விட அதுதான் ஆபத்து. இருட்டினால் வேலையும் நிற்கட்டும். புல் நட்டு, அடுத்த வருடம் அது பிடித்ததைப் பார்த்த பிறகுதான் காசில் ஒரு பங்கைத் தருவேன் என்று கொந்தராத்துக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் ஒரு தொகையை உங்களிடம் முன்கூட்டியே கட்டி வைக்கட்டும், புல் பிடித்தால் திருப்பிக் கொடுங்கள்.