சரிபார்ப்பில் ‘கேட்ச்-ஆல்’ என்று வந்த முகவரிகளுக்கு மெயில் அனுப்பலாமா?

பத்தமடைப் பாய்களை வெளியூர்க் கடைகளுக்கு அறிமுகப்படுத்த முகவரிகள் சேர்த்தேன், சரிபார்த்தால் பாதிக்கு ‘கேட்ச்-ஆல்’, சிலவற்றுக்கு ‘அன்நோன்’ என்று வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிபார்க்கும் கருவி பொதுவாக மெயில் எதுவும் அனுப்பாது. எதிர்த்தரப்பு மெயில் சர்வரிடம் ‘இந்தப் பெயரில் பெட்டி உண்டா?’ என்று கேட்டுவிட்டு விலகிவிடும். பதில் ஒரு எண்ணாக வரும். 250 என்றால் அந்தப் பெயருக்கு வரும் மெயிலை சர்வர் வாங்கிக்கொள்ளும். 550 என்றால் பெரும்பாலும் அப்படி ஒரு பெட்டியே இல்லை. அதை யோசிக்காமல் நீக்குங்கள்.

கேட்ச்-ஆல் சர்வரோ எந்தப் பெயரைச் சொன்னாலும் 250 என்றே சொல்லும். வாய்க்கு வந்த ஒரு பொய்ப்பெயரையும் கேட்டுப் பார்த்துத்தான் கருவி இதைக் கண்டுபிடிக்கிறது. யார் பெயருக்குத் தபால் வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும் வீடு மாதிரி. உள்ளே அந்த ஆள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நெல்லை டவுனில் ஒரு பாத்திரக்கடைக்காக இந்த வேலையைச் செய்தபோது, கேட்ச்-ஆல் முகவரிகளைத் தனியாகப் பிரித்து, நாளைக்குப் பத்து என்றுதான் அனுப்பினேன். இரண்டு மூன்று திரும்பி வந்த அன்றே நிறுத்திவிட்டு, மீதிக் கடைகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

அன்நோன் என்றால் சர்வர் அப்போது பதில் தரவில்லை, அல்லது ‘அப்புறம் வா’ என்று தற்காலிகமாகத் திருப்பியிருக்கிறது. சில மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

அப்புறம், கருவி ‘வேலிட்’ (சரியான முகவரி) என்று காட்டினால் பெட்டி இருக்கிறது என்று மட்டுமே பொருள். உங்கள் மெயிலை அவர் விரும்புகிறார் என்று இல்லை. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று ஜிமெயில் 2024 முதல் கேட்கிறது. நூறு பேருக்கு அனுப்பி ஒருவர் புகார் செய்தாலே அதைத் தாண்டிவிடும்.