காலையில் பிரியஸ் குலுங்குகிறது, பி0401 பிழைக் கோடும் வருகிறது. இஜிஆர் வால்வை மாற்றினால் சரியாகுமா?

நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன்: ஜப்பானில் இருந்து இலங்கைக்கு வந்த 2011 டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட், இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. காலையில் எஞ்சின் முதல் தடவை எடுக்கும்போது சில விநாடி கடகடவென்று குலுங்கிவிட்டுப் பிறகு அடங்குகிறது. ஸ்கேனரில் பி0401. ஒரு கராஜில் இஜிஆர் (எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு) வால்வை மாற்றச் சொல்கிறார்கள், இன்னொன்றில் ஹைபிரிட் பேட்டரி போய்விட்டது என்கிறார்கள்.

பேட்டரிக் கதையை முதலில் விட்டுவிடுங்கள். பேட்டரி பழுதானால் பி0ஏ80 மாதிரியான கோடு வரும், எஞ்சின் இப்படிக் குலுங்காது. வால்வுக்கும் இப்போதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். பி0401 என்றால் இஜிஆர் வழியாகப் போதிய புகை போகவில்லை என்று மட்டும்தான் பொருள். ஓடும்போது எக்ஸலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தி, வால்வைக் கொஞ்சம் திறந்து, இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் பகுதி) அழுத்தம் மாறுகிறதா என்று பார்க்கும். மாறவில்லை என்றால் இந்தக் கோடு. அடைப்பு எந்த இடத்தில் என்று அதற்குத் தெரியாது.

இந்த 1.8 லிட்டர் எஞ்சினில் புகை நேரே உள்ளே போவதில்லை. முதலில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் கூலருக்குள் போய்ச் சூடு ஆறி, அதன் தலையில் இருக்கும் வால்வைத் தாண்டி, ஒரு குழாய் வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு வந்து, அங்கே நான்கு சிறிய துளைகளில் பிரிந்து நான்கு சிலிண்டருக்கும் போகிறது. நான் கழற்றிப் பார்த்த வண்டிகளில் வால்வு பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கூலர்தான் அடைத்திருக்கும். அதன் வாயைப் பார்த்தால் மெல்லிய தகட்டு வழிகள் தெரிய வேண்டும். ஆனால் தாச்சியின் அடிக்கரி மாதிரி கறுப்பாக இறுகி, விரலால் சுரண்டினால் எண்ணெய்ப் பசையோடு கட்டி கட்டியாக வரும். மேனிஃபோல்டுத் துளைகளில் ஒன்றிரண்டு ஊசி போகிற அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

ஹைபிரிட்டில் இது சீக்கிரம் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொழும்பு நெரிசலில் எஞ்சின் கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நீண்ட நேரம் நன்றாகச் சூடாவதே இல்லை. புகைக்கரியும் எஞ்சினுக்குள் இருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து குளிர்ந்த இடத்தில் படிந்துவிடுகின்றன.

சரி, உங்களை உண்மையில் கவலைப்பட வைக்க வேண்டியது அந்தக் காலைக் குலுக்கல். துளைகள் சமமில்லாமல் அடைத்தால் ஒரு சிலிண்டருக்கு அதிகப் புகையும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போகும். குறைவாகப் போகிற சிலிண்டரில் சூடு கூடும். இந்த மாடலில் ஹெட் காஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைக்கும் நடுவில் இருக்கும் கசிவுத் தடுப்புத் தகடு) போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இந்த வேலை செய்கிற பலர் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன். காஸ்கெட் கொஞ்சம் விட்டாலே எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் இரவில் சிலிண்டருக்குள் கசியும். காலையில் எஞ்சின் எடுக்கும்போது அந்தச் சிலிண்டர் சில விநாடி எரியாமல் குலுங்கும். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் கூலண்டைப் பாருங்கள். இரண்டு டாங்கி இருக்கும், ஒன்று இன்வெர்ட்டருக்கு. எஞ்சினுக்கு உரியதில், எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். வெளியே ஒழுகாமல் ஒன்றிரண்டு வாரத்தில் மட்டம் இறங்கினால் காஸ்கெட் மேல் சந்தேகம் வலுக்கும். அப்போது கூலிங் சிஸ்டத்துக்கு இரவு முழுக்க அழுத்தம் கொடுத்து வைத்து, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பிஸ்டன் கறுப்பாக இருந்து ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் பளபளத்தால் அதுதான். இஜிஆரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது ஆறாது. ரேடியேட்டரில் ஊற்றும் கசிவு அடைப்பான்களை நம்ப வேண்டாம், அவை மற்ற வழிகளையும் அடைத்துவிடும். காஸ்கெட் மாற்றுகிற அன்றே கூலரையும் மேனிஃபோல்டையும் கட்டாயம் சுத்தம் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் புதுக் காஸ்கெட்டுக்கும் பழைய சூடுதான்.

மட்டம் இறங்கவில்லை என்றால் நல்ல செய்தி. அப்போது வழி அடைத்திருக்கிறதா என்று ஓடும் எஞ்சினில் சோதிக்கலாம். பிரியஸ் எஞ்சின் தானாக நின்றுவிடும் என்பதால் பராமரிப்பு மோடுக்குப் போக வேண்டும். பிரேக் மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தடவை அழுத்தி, ஒரு நிமிடத்துக்குள் பார்க்கில் எக்ஸலரேட்டரை முழுதாக இரண்டு தடவை, நியூட்ரலில் இரண்டு தடவை, மறுபடி பார்க்கில் இரண்டு தடவை மிதித்து, பிறகு பிரேக்கோடு ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் நிற்காமல் ஓடும். அந்த மோடில் வண்டியை ஓட்டக் கூடாது. டொயோட்டாவின் சோதனை மென்பொருளான டெக்ஸ்ட்ரீமில் இஜிஆர் வால்வைப் படிப்படியாகத் திறக்கச் சொன்னால் எஞ்சின் தடுமாற வேண்டும், நின்றாலும் நல்லதே. ஒன்றுமே ஆகவில்லை என்றால் பெரும்பாலும் அடைப்புதான்.

கழற்றுவதற்கு முன் வண்டியை நிறுத்தி, சாவியைத் தூரத்தில் வைத்து, பின்பக்க 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். ஹைபிரிட்டில் எஞ்சின் சத்தமில்லாமல் நிற்பதை வைத்து வண்டி ஓஃப் என்று எண்ணிவிடக் கூடாது, அது எப்போது வேண்டுமானாலும் தானாக ஸ்டார்ட் ஆகும். உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு வயர்களில் கை வைக்க வேண்டாம். கூலரை வெந்நீரிலும் கொழுப்பு நீக்கும் திரவத்திலும் ஊறவைத்து, இரண்டு பக்கமும் தண்ணீர் தடையில்லாமல் தெளிவாகப் போகும்வரை கழுவுங்கள். காஸ்டிக் சோடா வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். வால்வின் மோட்டார் நனையவே கூடாது, பிரஷ் போதும். திரும்பப் பூட்டும்போது புது காஸ்கெட்டுகள் போட்டு, டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலண்டை ஊற்றிக் காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும். இதில் அவசரப்பட்டால் எஞ்சின் சூடேறிவிடும்.

சிலர் தகடு வைத்து இஜிஆரையே அடைத்துவிடலாம் என்பார்கள். செய்யாதீர்கள். கோடு போகாது, எரியும் சூடு கூடும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று காட்டும் பி0301 முதல் பி0304 வரையான கோடு ஏதாவது ஸ்கேனரில் இருந்ததா, கூலண்ட் மட்டம் எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். எந்தச் சிலிண்டர் என்று தெரிந்தால் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.