பேய்க்கதை கேட்கும் பெண்ணை என்ன படிக்க வைப்பது?

அன்புள்ள அம்மாவுக்கு,

சனிக்கிழமை நீங்கள் மகளோடு வந்தபோது முதல் பத்து நிமிடம் ஆறுதல்தான் சொன்னேன். "ராத்திரியெல்லாம் இயர்போனை மாட்டிக்கிட்டு இங்கிலீஷ் பேய்க்கதை கேக்குறா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் வாங்க வீட்டுப் பத்திரத்தை வைக்கச் சொல்கிறார் கொழுந்தனார் என்றதும் எனக்கு ஆறுதல் பேச்சு வரவில்லை.

பத்திரத்தை வைக்காதீர்கள். கணக்கு என்றாலே கை நடுங்கும் பெண்ணை நான்கு வருடம் அதிலேயே உட்கார வைப்பதற்கா கடன்? வட்டி கட்டப்போவது நீங்கள்தான், கொழுந்தனார் இல்லை.

அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய நோட்டை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கேட்ட ஒவ்வொரு கதைக்கும் ஒரு பக்கம். "நாலாவது நிமிஷம் வரைக்கும் யார் பேசுறாங்கன்னே தெரியல." "மேரி, மார்த்தா, மார்கரெட், காதுக்கு மூணும் ஒண்ணுதான்." "போன வாரமும் குழந்தை சாவு, இந்த வாரமும்." அம்மா, ஒரு எடிட்டர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை இது. உங்கள் மகள் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருக்கிறாள்.

அவள் கேட்பதில் ஒன்று சூடோபாட். 2006-ல் தொடங்கி இணையத்தில் வாராவாரம் வரும் ஆங்கிலத் திகில்கதை ஒலி நிகழ்ச்சி, பாட்காஸ்ட் என்பார்கள். எழுதியவர் பெயர் இல்லாமல்தான் கதையை அனுப்பச் சொல்கிறார்கள். முதலில் ஒரு குழு படித்துச் சலித்தெடுக்கும். அதில் தேறி வருவதிலிருந்து எடிட்டர்கள் எடுப்பார்கள். 6,000 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். புதுக் கதைக்கு வார்த்தைக்கு 8 சென்ட். 4,500 வார்த்தைக் கதைக்கு 360 டாலர் ஆகிறது, வாசித்தால் ஏறக்குறைய அரை மணி நேரம். முன்பே வேறு எங்காவது வெளியான கதை என்றால் 100 டாலர். ஆகவே புதுசு எத்தனை, பழசு எத்தனை என்ற கணக்கும் எடிட்டர் தலையில்தான் விழும்.

கண்ணுக்கு நன்றாக இருக்கும் கதை காதுக்கு எடுபடாமல் போவதுண்டு. தாளில் மூன்று நட்சத்திரம் போட்டுக் காட்சியை மாற்றிவிடலாம், காதுக்கு நட்சத்திரம் ஏது? ஒரு சொல்லை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதில் மர்மம் அவிழும் கதை, இரண்டு பக்கம் 'என்றான்' இல்லாமல் ஓடும் பேச்சு, இதெல்லாம் பேருந்தில் நின்றுகொண்டு கேட்பவருக்குப் பிடிபடாது. அவரால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது.

கதையை எடுத்த பிறகு அதை எந்த வாரம் போடுவது? அதற்குள் ஒப்பந்தம் முடிய வேண்டும், பொருத்தமான குரல் கிடைக்க வேண்டும், பதிவு நடக்க வேண்டும், ஒலியை வெட்டிச் சீராக்க வேண்டும். குரல் கொடுப்பவருக்குத் தொண்டை கட்டினாலும் அந்த வாரம் ஏதாவது ஒரு கதை போய்த்தான் ஆக வேண்டும், அதனால் கையிருப்பு வேண்டும். அக்டோபர் 31 ஹாலோவீன், பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் மேல்நாட்டு நாள். அதற்கான கதையைக் கோடையிலேயே எடுத்து வைத்துவிடுவது நல்லது. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்குப் பேய்க்கதை வாசிப்பது பழைய வழக்கம், ஆகவே பனியும் ஆவியும் உள்ள கதை டிசம்பருக்கு. ரத்தம் தெறிக்கும் கதைக்கு அடுத்து மெதுவாக ஊறும் கதை. குழந்தை சாகும் கதைகளை அடுத்தடுத்துப் போட்டால் கேட்பவர் கழன்றுகொள்வார். நோட்டில் அவள் எழுதியிருப்பது இதைத்தான்.

நாளைக்கே சம்பளம் வரும் என்று சொல்ல மாட்டேன். இந்த மாதிரி பாட்காஸ்ட்களில் முதலில் படித்துச் சலித்தெடுப்பவர்கள் பெரும்பாலும் ஆர்வத்துக்காகச் செய்பவர்கள். ஆனால் காதுக்கு ஏற்றபடி கதையைத் திருத்தத் தெரிந்தவருக்கு ஒலிப்புத்தகம் போடும் பதிப்பகங்களில் வேலை உண்டு. பாக்கெட் எஃப்எம், குக்கூ எஃப்எம் போன்ற ஆப்களில் தமிழிலேயே ஒலித்தொடர்கள் வருகின்றன.

அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் போதும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஒலி வெட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். லட்சக்கணக்கில் கேட்கும் சவுண்ட் டிப்ளமோவுக்கும் நான் சம்மதிக்க மாட்டேன். முதல் வருடத்தில் அவளுக்கு ஒரே வேலைதான். காப்புரிமை முடிந்த பழைய கதைகளில் பன்னிரண்டைப் பொறுக்கி, பன்னிரண்டு வாரத்துக்கு அட்டவணை போடட்டும். எந்தக் கதை எந்த வாரம், ஏன் என்று நாலு வரி எழுதட்டும். அப்புறம் அதில் ஒன்றைத் தன் குரலிலேயே பதிவு செய்யட்டும். பின்னால் வேலை கேட்டுப் போகும்போது காட்ட அது இருக்கும்.

வரும் சனிக்கிழமை அவளை நோட்டோடு அனுப்புங்கள். கல்லூரி விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து நிரப்பிவிடலாம். கொழுந்தனாரிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடுங்கள். அவர் கேட்டால் நானே பேசுகிறேன்.