பன்றி சுட அனுமதிக்குப் பதினைந்தாயிரமா? கொடுக்காதீர்கள்

கேள்வி: தொண்டாமுத்தூர் பக்கம் இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றிகள் முக்கால் ஏக்கரைச் சாய்த்துவிட்டன. காப்புக்காட்டு எல்லையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தள்ளித்தான் என் தோட்டம். பதினைந்தாயிரம் கொடுத்தால் பன்றி சுட அனுமதி வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? அரசு இழப்பீடு கிடைக்குமா?

பதில் (ஓய்வு பெற்ற வனச்சரகர்): ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் விற்பதாகச் சொல்லும் சரக்கே இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி கிடையாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். மூன்றைத் தாண்டினால்தான் சுடுவது. அதையும் செய்வது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஊழியர்கள். நீங்களோ நானோ துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரரோ சுட முடியாது. உங்கள் நிலம் இரண்டரையில் இருக்கிறது. ஆக, நீங்கள் கேட்க வேண்டியது பன்றியைப் பிடிக்கச் சொல்லி. ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறைக்காரர் சேர்ந்த குழு ஊர் மட்டத்தில் உண்டு. மனுவை அங்கே கொடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

பதினைந்தாயிரம் கேட்கிறவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்பதைப் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். "அனுமதி தாமதமாகுது, ராத்திரி நம்ம ஆளு ஒருத்தர் வருவாரு" என்பார்கள். வருகிறவர் சுருக்குக் கம்பியோ அவுட்டுக்காயோ (கடித்தால் வெடிக்கும் தீனி) கொண்டு வருவார், விடியும்போது கறியில் உங்களுக்கும் ஒரு பங்கு வரும். அந்தக் கறியை வாங்கிய நிமிடத்திலிருந்து நீங்களும் குற்றவாளி. காட்டுப்பன்றி இப்போது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மாட்டிக்கொள்வது தோட்டக்காரர், அந்த ஆள் அல்ல.

மின்கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வேலியில் கரண்ட் விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோதமாகக் கரண்ட் விட்ட ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன. சோலார் வேலி போடலாம், ஆனால் 2023 விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்துதான். பதிவைப் பற்றி வாயே திறக்காமல் வேலி விற்கும் கம்பெனிக்காரரிடம் வாங்காதீர்கள்.

"பன்றி என் மேலேயே பாய்ந்தால் அடிக்கக் கூடாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அடிக்கலாம். உங்கள் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் அது குற்றமில்லை என்று அதே சட்டத்தின் 11(2) பிரிவு சொல்கிறது. ஆனால் இது உயிருக்கு மட்டும்தான், பயிருக்கு இல்லை. சோளத்தைத் தின்றுகொண்டிருந்த பன்றியை வெட்டிவிட்டு, பாய்ந்தது என்று சொன்னால் எடுபடாது. அதைவிட முக்கியமான ஒன்றையும் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்தில் நீங்களே இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் பாதுகாப்பு போய்விடும். சுருக்கு வைத்துவிட்டு, சிக்கிய பன்றியைப் பார்க்கப் போய், அது அறுத்துக்கொண்டு பாய்ந்து, நீங்கள் அரிவாளால் வெட்டினால், தற்காப்பு என்று கோர்ட்டில் சொல்ல முடியாது. உண்மையான தற்காப்பாகவே இருந்தாலும் செத்த பன்றி அரசின் சொத்து. இழுத்துப் போடாதீர்கள், புதைக்காதீர்கள், வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.

இழப்பீடு கிடைக்கும். விளைச்சலை விற்றால் வரும் தொகையை எதிர்பார்க்காதீர்கள், உச்சவரம்பு உண்டு. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான 11 சதவீத வரி, 1937-இல் வந்த சட்டப்படி, காட்டுயிர் பராமரிப்புக்கென்றே மாநிலங்களுக்குப் போகிறது. நம் நாட்டில் வேட்டையே தடை என்பதால் அந்த மாதிரி வருமானம் இல்லை. அரசின் பொது நிதியிலிருந்துதான் ஒதுக்க வேண்டும். ஒதுக்கியது தீர்ந்தால் "ஃபண்ட் வரலைங்க" என்ற ஒரே பதில். சோளம் போனவன் அடுத்த நிதியாண்டு வரைக்கும் எதைச் சாப்பிடுவான்? இந்தக் கேள்வியை நான் வேலையில் இருந்தபோதே மேலே கேட்டேன், பதில் வரவில்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சாய்ந்த பயிரை அப்புறப்படுத்தாதீர்கள். குளம்புத் தடம், கிளறிய மண், கடித்த கதிர் எல்லாம் தெரியும்படி தேதியோடு போட்டோ எடுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல்களுடன் வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். நகல் ஒன்றைப் பதிவுத் தபாலில் மாவட்ட வன அலுவலருக்கு அனுப்புங்கள். தணிக்கைக்கு கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மைத் துறைக்காரரும் வருவார்கள், அப்போது நீங்களும் வயலில் நின்று எத்தனை சென்ட் என்று எழுதுகிறார்கள் என்பதைப் பாருங்கள். அடங்கலில், அதாவது கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேட்டில், மக்காச்சோளம் ஏறியிருக்கிறதா என்பதை மனு கொடுக்கும் முன்பே சரிபார்த்துவிடுங்கள். நான் பார்த்த மனுக்களில் அதிகம் திரும்பி வந்தது இந்த ஒரு காரணத்தால்தான்.

பயிர்க் காப்பீடு கட்டுகிறவரானால் இன்னொன்று. 2026 காரிஃப் பருவத்திலிருந்து வனவிலங்கு சேதத்தையும் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சேர்ப்பதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்று மாநில அரசு அறிவிக்க வேண்டும். அறிவித்த இடத்தில் 72 மணி நேரத்துக்குள் செயலியில் இடக்குறியுடன் போட்டோ ஏற்ற வேண்டும். உங்கள் வட்டாரம் அதில் வருகிறதா என்று வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரே கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள்.