மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவை ஸ்பொன்சர் பண்ணி கனடாவின் ஸ்காபரோவுக்குக் கூப்பிட்டு ஐந்து மாதம். இப்போது எந்நேரமும் தலையிடி, கால் உளைவு என்கிறார். விடிய மூன்று மணிக்கே முழிப்பு. கோயிலுக்கும் வரமாட்டாராம். குடும்ப வைத்தியர் டைலனோல் என்ற நோக்குளிசை தந்து அனுப்பிவிட்டார். இது ஊர் நினைப்புத்தானே?

பதில்: ஊர் நினைப்பில் இருப்பவர், அக்காவோடு வட்ஸ்அப்பில் கதைத்தால் கொஞ்ச நேரமாவது தெளிவார். மனச்சோர்வில் அந்தத் தெளிவு பெரும்பாலும் வராது. எதிலும் விருப்பமின்மை, விடியப்புற முழிப்பு, பசியின்மை எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியம் தேவை. எங்கள் தாய்மார் மன வருத்தத்தை உடம்பு நோவாகத்தான் சொல்வார்கள். வைத்தியரும் நோவுக்கே மருந்து எழுதுவார்.

ஆகவே அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே மனச்சோர்வு பற்றிக் கதைக்க வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று வைத்தியர் கேட்டால், மகள் முன்னால் எந்தத் தாய் ஓம் என்பார்? பேரப்பிள்ளையை வைத்துக் கேட்பது அதைவிட மோசம். ஒரு கிழமைக்குப் படுத்த நேரம், எழும்பிய நேரம், சாப்பிட்ட அளவு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசைப் பெட்டிகளையும் காட்டுங்கள். தைரொயிட், பி12, இரும்புச்சத்துப் பரிசோதனைகளைக் கேளுங்கள். இவற்றில் குறை இருந்தாலும் இதே சோர்வு வரலாம்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. ஊரில் கடைக்கும் அயலுக்கும் தன் காலில் போய்வந்தவர், இங்கே உங்கள் காருக்காகக் காத்திருக்கிறார். கோயிலுக்கோ தமிழ்க் கடைக்கோ ஒரேயொரு பஸ் வழியைக் கூடப் போய்ப் பழக்குங்கள். பஸ் கட்டணத்துக்கான பிரெஸ்டோ அட்டை அவர் கைப்பையிலேயே இருக்கட்டும். டிசம்பரில் ரொறன்ரோவில் மாலை 4.40 மணியளவில் இருட்டிவிடும் என்பதால், காலை வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடப்பது நல்லது. முடியாவிட்டால் 10,000 லக்ஸ் (வெளிச்ச அளவு) சிகிச்சை விளக்கின் முன் 30 நிமிடம் இருக்கலாம். கண் நோய் இருந்தால் வைத்தியரைக் கேட்டபின்தான்.

சாவைப் பற்றிக் கதைத்தால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். தற்கொலைத் தடுப்பு உதவித் தொலைபேசியான 988 இலக்கம் 24 மணிநேரமும் உண்டு, ஆனால் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். அதனால் நீங்களே எடுங்கள். உடனடி ஆபத்தென்றால் 911. தமிழில் சேவைகளைத் தேட 211.

கேள்வி: நான் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்). மனநோய்க்கு மருந்து எடுத்தால் குடியுரிமை கிடைக்காதா?

பதில்: கிடைக்கும். குடியுரிமை விண்ணப்பத்துக்கு மருத்துவப் பரிசோதனையே இல்லை, மனச்சோர்வு மருந்து பிஆரையும் பறிக்காது. வைத்தியர் உங்கள் அனுமதியின்றி முதலாளிக்கும் சொல்லக்கூடாது. செலவுக்குப் பயந்தால், குடும்ப வைத்தியர் கடிதத்தோடு மனநல மருத்துவரைப் பார்ப்பதற்கு ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் பணம் கொடுக்கும். தனியார் ஆலோசகருக்குத்தான் கைக்காசு போகும். அதற்கு முன் ஒன்ராறியோவின் இலவச உளச்சிகிச்சைத் திட்டத்துக்கு அனுப்ப முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்குப் பத்து நாள் குளிசை போட்டேன். குமட்டல்தான் மிச்சம். விட்டுவிட்டேன்.

பதில்: பலரும் விடுகிற இடம் இதுதான். குமட்டலும் தலையிடியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். சாப்பாட்டோடு போடலாமா, அளவைக் குறைத்துத் தொடங்கலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். சுகமான பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதென்றால் படிப்படியாக, வைத்தியர் சொல்லும் கணக்கில். சடுதியாக விட்டால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரலாம், அதை நோய் திரும்பியதாக நினைத்துப் பயப்படுவீர்கள்.