பிக்கப் பாடியில் கருவி மாட்டும் பேனல்: வாங்கலாமா, செய்யலாமா?

எஸ்டேட் பராமரிப்பு, பிளம்பிங், மரம் அறுப்பு என்று நீலகிரியில் பிக்கப்பில் கருவி ஏற்றிச் சுற்றுபவர்கள் கேட்டவை இவை. வண்டி பாடி கட்டும் வேலை தெரிந்த ஒருவர் பதில் சொல்கிறார்.

அண்ணா, என்னோடது இசுசு வி-க்ராஸ். துளை போட்ட ரெடிமேட் பேனல் ஆன்லைனில் கிடைக்குது. அதையே வாங்கிடட்டுமா, கோவையில் தகடு வெட்டிச் செய்யட்டுமா? (குன்னூர்)

உங்கள் மாடலுக்கென்றே அளவெடுத்துச் செய்ததாக இருந்தால் வாங்குங்கள். அதில் நீங்கள் காசு கொடுப்பது தகட்டுக்கு இல்லை, மாட்டும் பிராக்கெட்டுக்கு. பாடியில் கம்பெனி போட்ட ஓட்டைகளிலேயே உட்காரும் பிராக்கெட் வந்தால் புதிதாக ஒரு துளைகூடப் போட வேண்டாம். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று விற்பதை வாங்க வேண்டாம். சக்கர மேட்டில் இடிக்கும், கடைசியில் நீங்களே ட்ரில் பிடிக்க வேண்டிவரும். அதற்குச் சொந்தமாகச் செய்வதே மேல்.

செய்வதென்றால் முதலில் அட்டையில் வெட்டி பாடிக்குள் வைத்துப் பாருங்கள். லேசர் கட்டிங்கில் வெட்டும் நீளத்துக்கும் துளை எண்ணிக்கைக்கும்தான் பணம். பேனல் முழுக்கத் துளை கேட்டால் தகட்டு விலையைக் கூலி தாண்டிவிடும். மேலே மூன்று வரிசை, கீழே இரண்டு வரிசை போதும். கருவியைக் கட்டும் ஒரு அங்குலப் பட்டி நுழைய 30 × 7 மி.மீ. நீள்துளை சரியாக இருக்கும். மேல், கீழ் விளிம்புகளை 20 மி.மீ. மடக்கச் சொல்லுங்கள். மடக்காத 2 மி.மீ. தகடு ஓட்டத்தில் தப்பட்டை அடிக்கும். மடிப்புக்குப் பக்கத்தில் துளை வைத்தால் வளைக்கும்போது கோணிவிடும், 10 மி.மீ. தள்ளி வையுங்கள்.

என்கிட்ட பொலிரோ பிக்கப்புங்க. சைடு டோரில் பேனல் போடலாமுங்களா? (கோத்தகிரி)

வேண்டாமுங்க. டோரை இறக்கும்போது கருவியின் எடை முழுவதும் கீலில் விழும். இறக்கிய பிறகு கருவியெல்லாம் வெளிப்பக்கம் தொங்கும். ரெடிமேட் பேனல் பெரும்பாலும் ஹைலக்ஸ், வி-க்ராஸ் போல பக்கச் சுவர் அசையாத பாடிக்கு வருவது, உங்களுக்குப் பொருந்தாது.

உங்களுக்கு ஏற்ற இடம் கேபின் பின்னால் இருக்கும் கார்டு, அதாவது தடுப்புச் சட்டம். பின் கண்ணாடியை மறைக்காமல் அதன் கீழ்ப்பாதியில் போடுங்கள். இதற்கு லேசர் கட்டிங்கூட வேண்டாம். எலக்ட்ரிகல் மொத்தக் கடையில் துளையிட்ட ஜி.ஐ. கேபிள் ட்ரே கேளுங்கள். 300 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் எடுங்கள். வழக்கமாக 2.5 மீட்டர் நீளத்தில் வரும். இரண்டு பக்கமும் மடிப்பு ஏற்கெனவே இருப்பதால் விறைப்பாக நிற்கும், துத்தநாகப் பூச்சும் உண்டு. ரம்பம் போட்டு அறுத்த முனையில் மட்டும் பூச்சு போயிருக்கும், அங்கே ஜிங்க் பெயின்ட் இரண்டு கை அடித்துவிடுங்கள். பட்டி நுழையுமா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள். துளை அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பிளைவுட், இரும்பு, அலுமினியம்: நம்ம ஊர் மூடுபனிக்கு எது தாங்கும், சார்? (உதகை)

முதலில் எடை. நாலு அடிக்கு ஒண்ணேகால் அடி, அதாவது 5 சதுர அடி பேனல் என்று வைத்துக்கொள்வோம். துளை போடாத 2 மி.மீ. இரும்பு சுமார் 7.3 கிலோ. 3 மி.மீ. அலுமினியம் 3.8 கிலோ. 12 மி.மீ. பிளைவுட் ஏறக்குறைய 4 கிலோ.

பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் மட்டும். பலகை கெடுவது முகத்தில் இல்லை, வெட்டிய ஓரத்திலும் ஸ்குரூ துளையிலும்தான். எல்லாத் துளையும் போட்டு முடித்த பிறகு ஓரங்களுக்கும் துளைகளுக்குள்ளும் எபாக்சி அல்லது பி.யூ. (பாலியூரிதேன்) பூச்சு மூன்று கை கொடுங்கள். உதகையில் ஒரு கைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் சமவெளியை விட அதிக நேரம் விட வேண்டும், டின்னில் போட்டிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். சுவரில் மாட்டும் துளைப் பலகை என்று மலிவாக வரும் எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) ஒரு மழைக்காலத்தில் ஊதிவிடும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. ஈரத்தில் இரும்பு பாடியோடு நேராக ஒட்டினால் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து அரிக்கும். நடுவில் 3 மி.மீ. ஈ.பி.டி.எம். ரப்பர், போல்ட்டுக்கு நைலான் வாஷர் போடுங்கள். கேனோபி (பாடிக்கு மேல் மூடும் கூடு) இல்லாத வண்டிக்கு என் ஓட்டு அலுமினியத்துக்கு. கேனோபி இருந்தால் மரைன் பிளைவுட்டே போதும், சத்தமும் குறைவு.

ரிவெட் நட் போட்டு மாட்டினேன். போல்ட் திருகினால் நட்டும் கூடவே சுத்துது. (கூடலூர்)

ரிவெட் நட் என்பது பின்னால் கை போகாத தகட்டில் துளைக்குள் செருகி இறுக்கும் நட். உங்களுக்குத் துளை பெரிதாகிவிட்டது. எம் 6 ரிவெட் நட்டுக்குப் பொதுவாக 9 மி.மீ. துளை. பாடியின் உள் தகடு மெல்லியது. மழுங்கிய பிட்டைக் கையால் அழுத்தினால் துளை முட்டை வடிவமாகும், நட் பிடிக்காது. 4 மி.மீ. துளை போட்டு, ஸ்டெப் ட்ரில்லில் (படிப்படியாக அகலும் பிட்) 9 வரை விரித்திருக்க வேண்டும்.

இப்போது வழி இரண்டு. பின்னால் கை போகும் இடமென்றால் நட்டை எடுத்துவிட்டு, 40 × 40 × 3 மி.மீ. தட்டு வைத்து நைலாக் நட்டோடு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தளராத நட்) முழு போல்ட். கை போகாத இடத்தில் துளையை 11 மி.மீ. ஆக்கி எம் 8 ரிவெட் நட். சுற்றும் நட்டின் விளிம்பை வைஸ் கிரிப்பில் பிடித்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம், தகடு குழிந்துவிடும்.

எங்கே துளை போட்டாலும் முன்னதாக மறுபக்கம் ஒயரிங், பிரேக் லைன், பெட்ரோல், டீசல் குழாய் இருக்கிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள். துளையிட்டதும் இரும்புத் தூளை முழுவதும் துடைத்தெடுத்து ஓரத்துக்கு ஜிங்க் பிரைமர் வைக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை முழுசாக வாங்கும் கூடலூரில் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. தூள் இருந்தாலே மறுநாள் செம்புள்ளி விழும்.

லேசர் கட் பேனலுக்கு பவுடர் கோட்டிங் கொடுத்தேன். துளை ஓரமா உரியுது. ஏன்? (அரவங்காடு)

ஆக்சிஜன் வைத்து வெட்டினால் ஓரத்தில் கறுப்பு ஆக்சைடு படலம் நிற்கும். கோட்டிங் அதன்மேல் ஒட்டும், படலம் உரியும்போது கூடவே போகும். கூர்மையான ஓரத்தில் பவுடர் மெல்லியதாகவே படியும், அது இன்னொரு காரணம். நைட்ரஜன் கட்டிங் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு துளை ஓரத்தையும் ஃபைல் போட்டு மழுக்குங்கள். மழுக்காத ஓரம் பட்டியையும் அறுக்கும்.

மசினகுடி–உதகை ஓட்டம். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. ஸ்பேனரெல்லாம் ஆடி விழுது அண்ணா.

கொக்கியில் தொங்குவது எல்லாம் ஆடத்தான் செய்யும், தம்பி. திடீர் பிரேக்கில் 5 கிலோ கருவி சுமார் 4 கிலோ விசையில் முன்னால் தள்ளும், குழியில் மேலே எகிறும். அதனால் கருவி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிடி வேண்டும்: கீழே தாங்க ஒன்று, மேலே கட்ட ஒன்று. கைப்பிடிக்கு ரப்பர் கிளாம்ப், தலைப்பக்கம் கேம் பக்கிள் பட்டி (இழுத்து இறுக்கிப் பூட்டும் கொக்கி உள்ளது). இழுபடும் ரப்பர் கயிறு கட்டினால் எகிறும்போது நீண்டு விட்டுக்கொடுத்துவிடும். ஸ்பேனரைப் பையில் சுருட்டிப் பேனலில் கட்டுங்கள்.

கடப்பாரை, ஜாக், செயின் பிளாக் எதையும் பேனலில் ஏற்றவே வேண்டாம். அவை தளத்தில், கேபினை ஒட்டி. நாலு அடி பேனலை ஆறு இடத்தில் எம் 6 போல்ட் போட்டு மாட்டியிருந்தாலும் மொத்தம் 15 கிலோவுக்கு மேல் நான் ஏற்றச் சொல்ல மாட்டேன்.

பிரஷ் கட்டரை (புல், புதர் வெட்டும் மெஷின்) மாட்டலாமா?

குழாய் பிரித்து மடக்கும் மாடலென்றால் மாட்டலாம். நீளக் குழாய் உள்ளதைப் பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது எரிபொருள் டேங்கைக் காலி செய்யுங்கள், மூடியின் காற்றுத் துளையில் கசியும். பிளேடைக் கழற்றுங்கள் அல்லது உறை போடுங்கள். பெட்ரோல் கேனை மூடிய கேனோபிக்குள் தொங்கவிடாதீர்கள்.

எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எடுக்கும்போது பிரச்சினை வருமா?

பாடி அளவுக்குள், போல்ட்டில் கழற்றும்படி இருக்கட்டும். வெல்டிங் வேண்டாம். விளக்கு, நம்பர் பலகை மறையக் கூடாது. எஃப்.சி.க்குப் போகும் அன்று கழற்றிவிட்டுப் போனால் பேச்சே இல்லை. மண்வெட்டிக் காம்பு பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் வம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் பாடிக்கு வெளியே நீளும் சரக்குக்கு அபராதம் 20,000 ரூபாய்.

பஜாரில் நிறுத்தினால் திருட்டுப் பயம்...

பேனலின் போல்ட்டில் இரண்டை மட்டும் நடுவில் குமிழ் உள்ள டார்க்ஸ் தலையாக மாற்றுங்கள், சாதாரண ஸ்பேனருக்கு மசியாது. விலை கூடின மெஷினுக்கு உறையிட்ட வயர் கயிறும் பூட்டும். கயிற்றைத் தகட்டுத் துளையில் கோத்துப் பிரயோசனமில்லை, பாடியின் கொக்கியில் கோத்துவிடுங்கள்.